தனியார் ஆலைக்கு வரும் தீயணைப்பாளரின் சான்றிதழைச் சரிபார்க்கும் அரசு அலுவலகம் எது?

காவேரிப்பட்டணம் நிர்வாகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் தயாரிக்கும் ஆலை ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். வைகாசியில் பெங்களூரா காய் வரத் தொடங்கிவிட்டால் ஆடி முடியும் வரை ஆலை இரவு பகலாக ஓடும். விறகு எரிக்கும் பாய்லர், டீசல் இருப்பு, அம்மோனியாவில் இயங்கும் குளிர்பதன அறை, அட்டைப்பெட்டிகள் அடுக்கிய கிடங்கு என எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்ததையும், அதே ஆண்டு அக்டோபரில் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் நேர்ந்த பட்டாசுக் கடைத் தீயில் அரூர் பக்கத்து அம்மாபேட்டை இளைஞர்கள் மாண்டதையும் இந்தப் பகுதியில் யாரும் மறந்துவிடவில்லை. வரும் பருவத்திலிருந்து ஒவ்வொரு ஷிப்டுக்கும் தீயணைப்புப் பணிக்கென்றே தனி ஆள் வைப்பது என்று எங்கள் நிர்வாகம் முடிவு செய்து, ஆள் எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வந்திருக்கும் விண்ணப்பங்களில் சிலர் ‘தீ மற்றும் பாதுகாப்பு’ என்ற ஓராண்டு டிப்ளமோவை இணைத்திருக்கிறார்கள்; சிலரிடம் ஆறு மாதச் சான்றிதழ் இருக்கிறது; ஒருவர் தீயணைப்பான் விற்கும் கடைக்காரர் ஒரே நாளில் நடத்திய பயிற்சியின் சான்றிதழைத் தந்திருக்கிறார். எல்லாத் தாள்களிலும் முத்திரையும் மினுங்கும் ஒட்டுவில்லையும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ‘அரசு பதிவு பெற்றது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எந்த அரசு, எந்தத் துறை, எந்தப் பதிவு என்று ஒன்றிலும் விளக்கமில்லை. என் மைத்துனர் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறார். அங்கே சம்பளத்துக்குப் பணிபுரியும் தீயணைப்பாளர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கவும், அதைத் தொடர்கல்வியின் பேரில் புதுப்பிக்கவும் மாநில அரசின் ஆணையம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். தமிழ்நாட்டில் அதற்கு இணையான அமைப்பு உண்டா? இல்லையென்றால் இந்தத் தாள்களில் எதை நம்புவது? தீயணைப்புத் துறையின் உரிமத்துக்காக ஆய்வுக்கு வரும் அலுவலர் எங்கள் ஆட்களின் தகுதியையும் பார்ப்பாரா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்

ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். தனியார் ஆலையில் பணிபுரியும் தீயணைப்பாளருக்குத் தேர்வு வைத்து, பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, சான்றளிக்கும் மாநில அமைப்பு தமிழ்நாட்டில் இல்லை. நம் மாநிலத்தில் அரசின் கண்காணிப்பு கட்டடத்தின் மீது இருக்கிறது, அரசின் சொந்தப் பணியாளர்கள் மீது இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் உங்கள் ஆலை ஆள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டமும் அதன்கீழ் 1990இல் வந்த விதிகளும்தான் எங்கள் துறைக்கு அடிப்படை. தீ ஆபத்துள்ள இடங்களை ஆய்வு செய்வதும், குறைகளைச் சரிசெய்யச் சொல்வதும், உரிமம் வழங்குவதும் இவற்றின்படி நடக்கின்றன. உயரமான கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 18.30 மீட்டர் என்று ஓர் எல்லை வகுத்திருக்கின்றன; அதைத் தாண்டினால் நிபந்தனைகள் கடுமையாகும். எத்தனை படிக்கட்டு வேண்டும், தீயணைக்க நீர் எடுக்கும் ஹைட்ரண்ட் குழாயில் எவ்வளவு அழுத்தம் வேண்டும், தொட்டியில் எவ்வளவு நீர் இருக்க வேண்டும் என்பன போன்ற அளவுகளுக்கு நாங்கள் புரட்டிப் பார்ப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதியைத்தான். அந்தத் தொகுப்பு தன்னளவில் பரிந்துரை மட்டுமே என்பதையும், மாநில விதிகள் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கே அதற்கு வலு உண்டு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. தீயணைப்பு மாநிலங்கள் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு; அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் அட்டவணை நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஒன்றாகவும் அதைச் சேர்த்திருக்கிறது. ஆனாலும் நம் மாநிலத்தில் அது மாநிலத் துறையாகவே இயங்கிவருகிறது.

அடுத்து, அரசுப் பணியாளர்கள். தீயணைப்போர் பணிக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், இரண்டாம் நிலைக் காவலருக்கும் சிறைக் காவலருக்கும் சேர்த்தே தேர்வு நடத்துகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, எழுத்துத் தேர்வு, உடற்கூறு அளவு, ஓட்டம், கயிறு ஏறுதல் ஆகியவற்றைக் கடந்தே உள்ளே வர முடியும். தீயணைப்பு டிப்ளமோ இருந்தால்தான் சேரலாம் என்ற நிபந்தனை அங்கே இல்லை. துறையே எடுத்து, துறையே பயிற்சி தருகிறது. நிலைய அலுவலர் பணிக்குப் பட்டப்படிப்பு வேண்டும். பயிற்சிக்குத் தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. அகில இந்திய அளவில் உயர்படிப்புக்கு, மத்திய உள்துறையின்கீழ் 1956இல் தொடங்கப்பட்ட தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரி நாக்பூரில் இருக்கிறது. ஆகவே சீருடை அணிந்த தீயணைப்போரின் தகுதியை யார் உறுதி செய்கிறார்கள் என்று கேட்டால் சொல்ல விடை உண்டு.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆய்வுக்கு வரும் அலுவலர் பயிற்சி பெற்ற ஆட்களின் பட்டியலைக் கேட்பார். ஒத்திகைப் பதிவேட்டையும் புரட்டுவார். அவர்களுடைய டிப்ளமோ செல்லுமா என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை. என் பணிக்காலத்தில் நான் வேறொன்று செய்வேன். மேலாளர் முன்னே நிறுத்தும் ஆளை விட்டுவிட்டு, பாய்லர் பக்கத்தில் எதேச்சையாக நிற்கும் ஒருவரைக் கூப்பிட்டு, சுவரில் தொங்கும் தீயணைப்பானை எடுத்து இயக்கச் சொல்வேன். பாதிப் பேர் பாதுகாப்பு ஊசியைப் பிடுங்காமலே பிடியை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். அந்த ஆலையின் கோப்பில் அத்தனை பேருக்கும் பயிற்சிச் சான்றிதழ் இருக்கும்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். நிலையத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தால் எங்கள் ஆட்கள் உங்கள் ஆலைக்கே வந்து செயல்விளக்கம் நடத்துவார்கள். அதில் கலந்துகொண்டார் என்று கிடைக்கும் கடிதம் வருகைப் பதிவு மட்டுமே. அதைத் தொழில் தகுதி என்று கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்துவிட வேண்டாம்.

பர்கூர் பாய்லர்

நிலைய அலுவலர் ஐயா எழுதியதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நான் பாய்லர் இயக்குபவன். நெருப்பு மூட்டும் எனக்கு மாநிலக் கொதிகலன்கள் இயக்ககத்தின் தேர்வாளர்கள் முன் எழுத்தும் வாய்மொழியுமாகத் தேர்வு வைத்து, தகுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டாம் நிலைச் சான்று உள்ளவர் எவ்வளவு பரப்புள்ள பாய்லரை இயக்கலாம், எதற்கு முதல் நிலைச் சான்று வேண்டும் என்பதெல்லாம் விதியிலேயே இருக்கின்றன. ஆய்வாளர் வந்தால் முதலில் என் சான்றிதழைத்தான் கேட்பார். பக்கத்து அறையில் வயரிங் வேலை பார்க்கும் மின்பணியாளருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று இருக்கிறது. நெருப்பு கைமீறினால் அணைக்க வேண்டியவருக்கு மட்டும் எந்த வாரியமும் இல்லையா?

ஓசூர் சிப்காட் பாதுகாப்பு

பர்கூர் நண்பர் கேட்டது சரியான கேள்வி. நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 38ஆம் பிரிவில் வகுத்த கடமையைப் பாருங்கள். தீப்பிடித்தால் தப்பிக்கும் வழிகளை எல்லாத் தொழிலாளரும் அறிந்திருக்க வேண்டும், அப்போது செய்ய வேண்டியவற்றில் அவர்களுக்குப் போதிய பயிற்சி தரப்பட்டிருக்க வேண்டும் என்று அது சொன்னது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, அதைத் தொடர்ந்த வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளுக்குத் தந்த உத்தரவிலும், தீயணைப்புக் கருவிகளை இயக்கப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற வாசகம் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் பயிற்சி கட்டாயம். அந்தப் பயிற்சியை யார் தர வேண்டும், தருபவரின் தகுதியை யார் அளப்பது என்பதற்கு இரண்டிலும் விடை கிடைக்காது. ஓராண்டு டிப்ளமோ கடைகள் முளைத்தது இந்த இடைவெளியில்தான்.

பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவி வேறு. ஆயிரமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் உள்ள ஆலைக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. அவருக்கான கல்வித் தகுதியைத் தமிழ்நாடு அரசு 2005ஆம் ஆண்டின் பாதுகாப்பு அலுவலர் விதிகளில் வகுத்தது. அதற்கான தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோவைத் தரும் நிறுவனங்களில் சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் முக்கியமானது. பத்தாம் வகுப்பு முடித்த பையனிடம் ‘எங்களிடம் ஓராண்டு படித்தால் பாதுகாப்பு அலுவலர் ஆகலாம்’ என்று யாராவது சொன்னால், அது அப்பட்டமான பொய்.

இனி உங்கள் மேசை மீது இருக்கும் தாள்களுக்கு வருவோம். ‘அரசு பதிவு பெற்றது’ என்ற சொற்களைக் கண்டதும் எதைப் பதிவு செய்தார்கள் என்று கேளுங்கள். சங்கமாகப் பதிந்திருப்பார்கள், சிறு தொழில் நிறுவனமாகப் பதிந்திருப்பார்கள், அல்லது ஐ.எஸ்.ஓ. 9001 என்ற தர மேலாண்மைச் சான்று வாங்கி வைத்திருப்பார்கள். இவையெல்லாம் அந்த நிறுவனம் இருக்கிறது என்பதற்குச் சான்று; அது நடத்தும் படிப்பை அரசு ஏற்றது என்பதற்குச் சான்றாகாது. அரசு ஏற்ற படிப்புகளும் உள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களில் தீத் தொழில்நுட்பமும் தொழிலகப் பாதுகாப்பு மேலாண்மையும் சேர்ந்த ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குத் தேசியத் தொழிற்சான்று வழங்குவார்கள், சான்றில் உள்ள எண்ணை இணையத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். நாக்பூர் கல்லூரியின் துணை அலுவலர் படிப்பை முடித்தவர் என்றால் அது இந்தத் துறையில் நாடு முழுவதும் மதிக்கப்படும் தகுதி. பல்கலைக்கழகத்தின் பேரில் வரும் டிப்ளமோ என்றால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கே பதிவெண்ணுடன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அரசு ஐ.டி.ஐ., அரசுப் பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுதிக் கேட்கவும் வழியுண்டு. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தனியார் நிறுவனத்தின் மீது அந்தச் சட்டம் நேரடியாகப் பாயாது என்றாலும், ‘இந்தப் படிப்புக்குத் தங்கள் துறை அங்கீகாரம் வழங்கியுள்ளதா’ என்று சம்பந்தப்பட்ட துறையைக் கேட்கலாம் அல்லவா?

மற்ற மாநிலங்கள் செய்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரம் 2006இல் தீத்தடுப்புச் சட்டம் இயற்றி, கருவிகளை நிறுவவும் பராமரிக்கவும் உரிமம் பெற்ற முகமைகளை மட்டுமே அனுமதித்தது; கருவிகள் இயங்கும் நிலையில் உள்ளன என்று அந்த முகமையிடம் சான்று வாங்கி ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கட்டட உரிமையாளர் தாக்கல் செய்ய வேண்டும். குஜராத்தில் தகுதி பெற்ற தனியார் தீப் பாதுகாப்பு அலுவலர்களை அரசே பட்டியலிட்டு, சான்று புதுப்பிக்கும் பணியை அவர்களிடம் ஒப்படைத்தது. மத்திய உள்துறை 2019இல் மாநிலங்களுக்கெல்லாம் ஒரு மாதிரி மசோதாவை அனுப்பியது. அதை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம். குஜராத் வழி எனக்கு முழுமையாக உடன்பாடில்லை. கட்டட உரிமையாளரிடம் ஊதியம் வாங்குபவர் அதே கட்டடத்துக்குச் சான்று தருவதில் உள்ள சிக்கலை விளக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிர வழியை நாம் ஏன் பார்க்கக்கூடாது என்பதுதான் என் கேள்வி. ஆளுக்குச் சான்று தரும் முன், கருவியை விற்று, அதை நிரப்பி, அதற்கே பயிற்சியும் தருகிற கடைக்கு உரிமம் வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறைக்குப் போயிருந்தேன். வாசலில் தொங்கிய ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானில் சேவை அட்டை புத்தம் புதிதாக இருந்தது, அந்த மாதத் தேதியும் கையெழுத்தும் இருந்தன. அழுத்தமானியின் முள்ளோ பச்சைப் பகுதியை விட்டு இறங்கிச் சிவப்பில் கிடந்தது. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே பவுடர் சரியும் ஓசையே இல்லை, அடியில் கட்டியாக இறுகியிருந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழே இருக்க வேண்டிய உரிம எண்ணையும் காணோம். அட்டையில் கையெழுத்திட்டவர்தான் அந்தப் பட்டறையின் தொழிலாளர்களுக்குப் ‘பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்’ சான்றிதழையும் வழங்கியிருந்தார்.

பென்னாகரம் இளைஞன்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். அந்த டிப்ளமோ படித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், நூறு விழுக்காடு வேலை, வளைகுடா நாட்டுக்கும் போகலாம் என்ற சுவரொட்டியைப் பார்த்து ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன். அப்பா பால்மாட்டை விற்றுக் கட்டணம் கட்டினார். வகுப்பில் தீ முக்கோணம், தீயின் வகைகள், விதிகள் எல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள், பாடம் மோசமில்லை. ஆனால் ஓராண்டு முழுவதிலும் தண்ணீர் ஏறிய ஹோஸை நாங்கள் கையில் பிடித்ததே இல்லை. மூச்சுக் கருவியை மேசை மீது வைத்துக் காட்டினார்கள். தோளில் மாட்டிக்கொண்டு நாற்பது அடி நடக்கக்கூட விடவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போன ஒரு தொழிற்சாலையில் டீசல் பம்பைக் கையால் இயக்கிக் காட்டச் சொன்னபோது நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

நிர்வாகி அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தாளை வைத்திருப்பவர்களை எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏமாந்தவர்கள் நாங்கள். இப்போது சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு இந்த டிப்ளமோ தேவையே இல்லை என்பதைச் சேர்வதற்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் மாடு வீட்டிலேயே இருந்திருக்கும்.

காவேரிப்பட்டணம் நிர்வாகி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தம்பி, உங்கள் வேண்டுகோளை மனத்தில் வைத்துக்கொள்கிறேன். இன்னொரு விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். தருமபுரியைச் சேர்ந்த ஒருவர் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையின் தீயணைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டிப்ளமோ எதுவும் இல்லை, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் மேலாளர் சான்றிதழ் உள்ள இளைஞரையே எடுக்கலாம் என்கிறார். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கோப்பில் சான்றிதழ் இருப்பது நல்லது என்பது அவருடைய வாதம். அதோடு, சான்றிதழை ஒதுக்கிவைத்துவிட்டு ஆளைச் சோதிப்பது என்றால் எதைச் சோதிப்பது? எனக்குத் தீயணைப்பில் பயிற்சி கிடையாது.

ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்

அந்தத் தருமபுரிக்காரரை விட்டுவிடாதீர்கள். மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படைக்கு ஐதராபாதில் தனித் தீயணைப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இரும்பாலை, சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் பணி செய்து வந்திருப்பார். அவருடைய பணிப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள், எந்த ஆண்டில் என்ன பயிற்சி முடித்தார் என்பது அதில் பதிவாகியிருக்கும். உங்கள் கோப்புக்கு அந்த நகலே போதுமானது. உங்கள் மேலாளர் விரும்பும் டிப்ளமோவைவிட அதற்கு வலு அதிகம். வயதைக் காரணம் காட்டுவதென்றால், அவரை ஷிப்டின் பொறுப்பாளராக வைத்து, அவர்கீழ் ஓடியாடப் பென்னாகரம் தம்பியைப் போன்ற இளைஞரை அமர்த்துங்கள். எங்கள் நிலையங்களிலும் முன்னணித் தீயணைப்போர் ஒருவர் வழிநடத்த, புதியவர்கள் அவரைப் பார்த்தே தொழில் கற்கிறார்கள்.

சோதிக்கும் முறையைச் சிப்காட் நண்பர் எழுதினால் நன்றாக இருக்கும். ஓர் எச்சரிக்கையை மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் ஆலையில் அம்மோனியா இருக்கிறது. நேர்முகத்தில் அதைப் பற்றி அவசியம் கேளுங்கள். கசிந்து காற்றில் பரவும் ஆவியின் மீது நீரைத் திரைபோலத் தெளித்தால் நீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். தரையில் திரவமாகத் தேங்கியிருக்கும் அம்மோனியாவின் மீது நேராக நீரைப் பாய்ச்சினால் அது இன்னும் வேகமாக ஆவியாகிப் புகைமண்டலமாக எழும். இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாதவரைக் குளிர்பதன அறைப் பக்கம் பொறுப்பில் வைக்காதீர்கள்.

ஓசூர் சிப்காட் பாதுகாப்பு

ஐயா கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன். நீங்கள் தீயணைப்பு கற்றவராக இருக்க வேண்டியதில்லை; கடிகாரமும் திறந்த வெளியும் போதும்.

ஹைட்ரண்ட் அருகே 63 மில்லிமீட்டர் ஹோஸ் சுருள்கள் இரண்டை வையுங்கள். விரித்து, ஒன்றோடொன்று பூட்டி, நீர் பீய்ச்சும் முனையான நாசிலை மாட்டி நீரைத் திறக்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் ஹோஸை முறுக்கில்லாமல் விரிப்பார்; பூட்டும் இடத்தில் ‘டக்’ என்ற ஓசை கேட்டபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்; நாசிலைப் பிடித்திருப்பவர் கையசைக்கும் வரை வால்வைத் தொடமாட்டார். தெரியாதவர் முதலில் வால்வைத் திறந்துவிட்டு, துள்ளும் ஹோஸின் பின்னால் ஓடுவார். அதே நேரத்தில் கடைக்கோடி ஹைட்ரண்டில் ஓர் அழுத்தமானியை மாட்டிப் பார்த்துவிடுங்கள், அங்கே 3.5 பார் அழுத்தம் இல்லையென்றால் ஆளை நொந்து பயனில்லை, பம்பைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்துப் பம்ப் அறை. குழாயின் அழுத்தம் குறையாமல் காக்கும் சிறு பம்பான ஜாக்கி பம்ப் எதற்கு, அது ஓயாமல் ஓடி ஓடி நின்றால் என்ன பொருள் என்று கேளுங்கள். குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது என்று சொல்பவர் பம்ப் அறையில் நாள்களைக் கழித்தவர். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு டீசல் பம்பை இயக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலான ஆலைகளில் இந்த இடத்தில்தான் வண்டவாளம் தெரியும்: பேட்டரி செத்திருக்கும், அல்லது டீசல் இருக்காது. மூச்சுக் கருவி இருந்தால் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்; முகமூடியின் ஓரத்தில் காற்றுப் புகுகிறதா என்று உள்ளங்கையால் பொத்திச் சோதிக்கிறாரா, சிலிண்டரின் அழுத்தத்தை வாய்விட்டுச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சிலிண்டரில் காற்று தீரப்போவதைச் சொல்லும் எச்சரிக்கை விசில் ஒலிக்கத் தொடங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், உடனே வெளியேறுவேன் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

மொழியையும் பாருங்கள். பருவத்தில் உங்கள் ஆலையிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் இருப்பார்கள். எங்கள் பக்கம் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் கலந்தே புழங்குகின்றன. இரவு இரண்டு மணிக்கு ‘எல்லாரும் கிழக்குக் கதவு வழியாக வெளியே போங்கள்’ என்பதைத் தமிழிலும் இந்தியிலும் கத்திச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். படையில் இருந்தவருக்கு இந்தி வரும் என்பது அந்தத் தருமபுரிக்காரருக்கு இன்னொரு கூடுதல் தகுதி.

உங்கள் மேலாளரின் வாதத்துக்கும் வழி இருக்கிறது. பணி நியமன ஆணையில் ‘சான்றிதழின் பேரில்’ என்று மட்டும் எழுதாமல், இந்தத் தேதியில் இந்தச் செயல்முறைச் சோதனைகளில் தேறினார் என்று குறித்து, சோதித்தவரின் கையெழுத்துடன் இணைப்பாக வையுங்கள். அதே சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடத்தி அதே கோப்பில் சேருங்கள். நாளை ஏதேனும் நடந்து விசாரணை வந்தால், அந்த இணைப்பு பேசும் அளவுக்கு எந்த டிப்ளமோவும் பேசாது.

பர்கூர் பாய்லர்

ஒரு சிறு சேர்க்கை. சோதனையைப் பகலில் மட்டும் நடத்தாதீர்கள். விறகு அடுக்கும் இடத்தில் இரவில் விளக்கு மங்கலாக இருக்கும். எங்கள் ஆலையில் ஹைட்ரண்டை மறைத்தே விறகை அடுக்கிவிட்டார்கள், இரவு ஒத்திகையில் தேடியபோதுதான் அது கண்ணில் பட்டது.

காவேரிப்பட்டணம் நிர்வாகி

மிக்க நன்றி. தருமபுரிக்காரரை நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறேன். டிப்ளமோ வைத்திருக்கும் இளைஞர்களையும் அழைத்து, ஹோஸும் பம்பும் வைத்தே தேர்ந்தெடுப்பதாக மேலாளரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன். விறகடுக்கை இன்று போய்ப் பார்த்தேன். எங்களிடமும் ஒரு ஹைட்ரண்ட் மறைந்துதான் இருக்கிறது. நிலைய அலுவலர் ஐயா, செயல்விளக்கத்துக்கு விண்ணப்பிக்க எந்த மாதம் ஏற்றது?

ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்

ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். அதையொட்டிய வாரம் முழுவதும் நிலையத்து ஆட்கள் பள்ளி, மருத்துவமனை என்று நிகழ்ச்சிகளில் இருப்பார்கள். கோடையில் குப்பைத் தீயும் வைக்கோல் போர்த் தீயும் அதிகம் என்பதால் கடைசி நேரத்தில் கேட்டால் வண்டி கிடைப்பது கடினம். மாசி மாதத்திலேயே மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு முகவரியிட்டு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, நகலை உங்கள் பகுதி நிலையத்திலும் கொடுங்கள். அம்மோனியா இருப்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். அப்போதுதான் மூச்சுக் கருவியோடு வருவார்கள். பருவகாலத் தொழிலாளர்கள் சேர்ந்த பிறகு, வைகாசி முதல் வாரத்தில், உங்கள் சொந்த ஆட்களை வைத்தே இரண்டாவது ஒத்திகையை நடத்திக்கொள்ளுங்கள்.